கேளாமல் வரும் கடிதங்கள்

ஒரு மின்னஞ்சல் ஸ்பேமா அல்லவா என்று தீர்மானிக்கப் புகுகிறவர்கள் பெரும்பாலும் அதன் விஷயத்தையே பார்க்கிறார்கள். போலி மருந்து விற்கிறதா, லாட்டரியில் கோடி ரூபாய் விழுந்ததாக ஆசை காட்டுகிறதா என்றெல்லாம் ஆராய்ந்து, அப்படி எதுவும் இல்லையென்றால் கௌரவமான விளம்பரம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இந்தப் பரீட்சை தவறான இடத்தில் நடத்தப்படுகிறது. பெறுகிறவருடைய சம்மதம் இன்றி, முகவரிகளைத் திரட்டி வைத்துக்கொண்டு மொத்தமாக அனுப்பப்படுகிற வியாபார அஞ்சல் எதுவாயினும், அதில் உள்ளது முழுவதும் சத்தியமே ஆனாலும், அது ஸ்பேம்தான்.

சரித்திரத்தில் இவ்வகையில் முதலாவது என்று பெரும்பாலோர் குறிப்பிடும் அஞ்சலே இதற்குச் சாட்சி. 1978 மே 3-ஆம் தேதி, இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், தம் கம்பெனியின் புதிய இயந்திரங்களைக் கலிபோர்னியாவில் வந்து பார்க்குமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒருசேர அழைப்பு அனுப்பினார். இயந்திரம் மெய்யானது, காட்சியும் மெய்யானது, பெறுகிறவர்களுள் சிலருக்கு அது பிரயோஜனமாகவும் இருந்திருக்கக் கூடும். அப்படியிருந்தும் ஆட்சேபங்கள் எழுந்தன. அரசாங்க அலுவலுக்கென்று ஏற்பட்ட வலையமைப்பின் விதிகளுக்கு இது விரோதம் என்று அதை நிர்வகித்த ராணுவத் தகவல் தொடர்பு இலாகா கண்டித்தது. குற்றம் அந்த அழைப்பின் வாசகத்தைப் பற்றியதன்று, கேளாமல் எல்லோருடைய வாசலிலும் அதைக் கொண்டுபோய்ப் போட்டதைப் பற்றியது.

தெருவில் கூவி விற்கிறவர் தம் தொண்டையையும் கால்களையும் செலவழிக்கிறார். ஆகையால் வாங்குவார் இல்லாத தெருவுக்குள் அவர் மறுநாள் நுழைவதில்லை. மின்னஞ்சலிலோ, நூறு பேருக்கு அனுப்புவதற்கும் லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் பெரிய பேதம் இல்லாமையால், ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் அனுப்பியவருக்கு லாபமே. மற்ற 999 பேர் திறந்து பார்த்து அழிப்பதில் கழித்த நேரம் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. அந்தச் சிரமத்தையும் எல்லோரும் சமமாக அனுபவிப்பதில்லை. கம்ப்யூட்டரில் தேர்ந்தவர்கள் வடிகட்டிகளை ஏற்படுத்திக்கொண்டு தப்பித்துக்கொள்கிறார்கள். ஓய்வூதியம் பற்றிய கடிதத்தை எதிர்பார்த்துக் கைப்பேசியைத் திறக்கும் முதியவரும், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததா என்று தேடும் பட்டதாரிப் பெண்ணும், தள்ளுபடி விற்பனைகளின் குவியலுக்கடியில் தங்களுக்கு உரிய கடிதத்தைத் துழாவ வேண்டியிருக்கிறது.

இங்கே நிதானமும் அவசியம். ரயில் டிக்கெட் பதிவான விவரத்தையும் வங்கிக் கணக்கின் அறிக்கையையும் ஸ்பேம் என்பது அநியாயம். முன்பின் அறியாத ஒருவர் நம்மைப் பற்றி விசாரித்தறிந்து, நமக்கென்றே எழுதி, வேலை கேட்டு அனுப்பும் ஒற்றைக் கடிதமும் ஸ்பேம் ஆகாது. தாமே விரும்பிச் சந்தா கட்டிய ஒரு சிறு பத்திரிகையின் மடலைச் சலிப்பு ஏற்பட்டவுடன் ஸ்பேம் என்று குறித்துவிடுகிறவர்கள், அந்தக் குறிகளைப் பார்த்தே வடிகட்டிகள் பாடம் கற்கின்றன என்பதையும், யோக்கியமாக நடக்கும் ஒருவருடைய கடிதங்கள் அதனால் பிறரையும் எட்டாமல் போகலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சம்மதத்துக்கும் எல்லை உண்டு. துணிக்கடையில் ரசீதுக்காகக் கொடுத்த முகவரி ரசீதுக்காகக் கொடுக்கப்பட்டதே. அதை இன்சூரன்ஸ் விற்கும் கிளைக் கம்பெனிக்குக் கைமாற்றும் அதிகாரத்தை யாரும் கடைக்காரருக்கு அளிக்கவில்லை. படிவத்தின் அடியில் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும் கட்டத்தை நாம் கவனியாமல் விட்டதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதும் அத்தகையதே. இணையதளக் குக்கீகள் பற்றிய ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல், அவ்வாறு குறியிட்டு வைக்கப்பட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

தேசங்களின் சட்டங்கள் இவ்விஷயத்தில் இரு வழியாகப் பிரிந்து நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ஆம் ஆண்டின் உத்தரவில், தனிமனிதருக்கு விளம்பர அஞ்சல் அனுப்புமுன் சம்மதம் பெற வேண்டும் என்று விதித்தது. தன்னிடம் முன்பே வாங்கியவருக்கு அதே விதமான பொருளைப் பற்றி, மறுக்கும் வாய்ப்பைக் கொடுத்து, எழுதலாம் என்ற விலக்கு நியாயமானதே. அமெரிக்காவிலோ 2004 ஜனவரி முதல் அமலுக்கு வந்த கான்-ஸ்பேம் சட்டம், ஏமாற்றும் தலைப்பைத் தடுத்தும் அனுப்புகிறவரின் தபால் முகவரியைக் கட்டாயப்படுத்தியும் சில நன்மைகள் செய்தபோதிலும், பெறுகிறவர் வேண்டாம் என்று சொல்லும்வரை அனுப்பலாம் என்று இடம் கொடுத்தது. சொன்ன பிறகும் 10 வேலை நாள் அவகாசம் அளித்தது. முன்சம்மதம் கோரிக் கலிபோர்னியா 2003-இல் இயற்றிய சட்டமும் இதனால் பிரயோஜனமற்றுப் போயிற்று. வேண்டாம் என்று தெரிவிக்கும் பாரத்தை, ஒரு தவறும் செய்யாத பெறுநர் மீது சுமத்துகிற இந்த ஏற்பாட்டை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நம் நாட்டில் தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் வகுத்த விதிகள் இருக்கின்றன; 1909 என்ற எண்ணில் நம் விருப்பத்தைப் பதிந்து வைக்கலாம். மின்னஞ்சல் அந்த விதிகளுக்குள் வரவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, உபத்திரவம் தரும் மின்னஞ்சலையும் குறிப்பிட்டிருந்தது. பேச்சுரிமையை நெரித்த அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ஆம் தேதி ரத்து செய்தது முற்றிலும் சரியே. ஆயினும் ஸ்பேமுக்கென்று தனியாக ஒரு பிரிவு அதன் இடத்தில் எழுதப்படவில்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் தரவைக் குறித்தது, அஞ்சலைக் குறித்ததன்று. இதற்கிடையில் கூகுளும் யாஹூவும் 2024 முதல், பெருந்தொகையில் அஞ்சல் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைக் கொடுத்தாக வேண்டும் என்று தாமாகவே நிபந்தனை விதித்தன. பிரஜைகளின் உரிமையை இரண்டு அந்நியக் கம்பெனிகளின் நல்லெண்ணத்திடம் ஒப்படைத்துவிட்டு நாடாளுமன்றம் வாளாவிருப்பது தகாது.

கனடா 2014-இல் அமலாக்கிய சட்டத்தில், சம்மதம் இருந்தது என்று வாதிடுகிற அனுப்புநரே அதை நிரூபிக்க வேண்டும். அந்த ஒரு விதியையேனும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்: எந்தத் தேதியில், எந்தக் காரியத்துக்காக நான் சம்மதித்தேன் என்பதை வியாபாரி காட்டட்டும், காட்ட இயலாதபோது என் முகவரியைத் தன் பட்டியலிலிருந்தும், தான் அதை விற்றவர்களின் பட்டியலிலிருந்தும் நீக்குவது அவர் கடமை என்று சட்டமே சொல்லட்டும்.