துரோகி யார் என்று முன்கூட்டியே தெரிந்த நாவல்கள்

காதல், போர், துரோகம் மூன்றும் சேர்ந்த நாவல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்பவருக்கு, நம் இலக்கிய நண்பர்கள் யோசிக்காமல் எடுத்து நீட்டுவது பொன்னியின் செல்வனைத்தான். கல்கி மீது நமக்குக் காழ்ப்பு ஏதுமில்லை. 1950 தொடங்கி வாரந்தோறும் ஒரு சமூகத்தையே காத்திருக்க வைத்தவர் அவர். ஆனால் கேட்பவர் கூடவே 'கடந்த காலத்தை எதிர்கொள்ளும் நாவல்' என்றும் ஒரு நிபந்தனை வைத்தால், அந்தப் பரிந்துரை அங்கேயே முறிந்துவிடுகிறது. கடந்த காலத்தைக் கண்டு மகிழ்வது வேறு, அதன் முன் நிற்பது வேறு. முன்னதற்கு நம்மிடம் அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. பின்னதைப் பரிந்துரைக்கும்போதுதான் நமக்கு நாக்கு எழுவதில்லை.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. போர் நாவலைப் பரிந்துரைப்பவர், "போர் இருந்தாலும் அழகான காதலும் இருக்கிறது" என்று சமாதானம் சொல்லுவார். கசப்பு மருந்துக்குத் தேன் குழைத்துத் தருவதுபோல. தமிழ் படித்தவர்கள் இதைச் சொல்லக்கூடாது. வெட்சியைக் குறிஞ்சிக்கும், வஞ்சியை முல்லைக்கும், தும்பையை நெய்தலுக்கும் புறனாக வைத்தவர் தொல்காப்பியர். நேருக்கு நேர் பொருதும் போருக்கு இணையாக இரங்கலை வைத்த அந்தப் பகுப்பைத் தேர்வுக்கு மனனம் செய்கிறோம், நாவல் வாசிக்கும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். கலிங்கத்துப் பரணி கதவடைத்த பெண்களை அழைக்கும் கடைதிறப்பில் தொடங்கிப் பேய்கள் கூழ் அடும் களத்துக்குப் போவது தற்செயலன்று.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) இதற்குச் சரியான சான்று. செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போரிட்டுத் திரும்பியவன். மரகதம் அவனுக்கென்றே எண்ணப்பட்டிருந்தவள். முதலாளி வயிரமுத்துப் பிள்ளை இப்போது மறுக்கிறார். துப்பாக்கி ஏந்திய கை இனிப் பெட்டியடிக்குப் பயன்படாது என்பது அவர் கணக்கு. போர் இங்கே காதலுக்குப் பின்னணி அன்று. போருக்குப் போனதனாலேயே அவன் மணமகனாகத் தகுதி இழக்கிறான். வயிரமுத்துப் பிள்ளையை வில்லன் என்று தள்ளிவிடவும் முடியாது. தொழிலில் தேர்ந்த எந்த லேவாதேவிக்காரரும் அப்படித்தான் முடிவெடுத்திருப்பார். ஆகவே அங்கே துரோகம் இழைத்தவர் யார்? நாவல் பெயர் சொல்லாது. நாமும் சொல்லத் திணறுகிறோம்.

'புயலிலே ஒரு தோணி' (1972) இன்னும் மேலே போகிறது. மெடானிலும் பினாங்கிலும் ஜப்பானியர் ஆட்சிக்கு நடுவே, மதுக்கோப்பைகளுடன் அமர்ந்து பாண்டியனும் நண்பர்களும் தமிழ்ப் பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் பக்கங்களைப் படித்த பிறகு, விழா மேடையில் முழங்கும் எவருக்கும் குரல் சற்றேனும் தாழ வேண்டும். தாழ்வதில்லை, அது வேறு. அந்நாவலை நம்மவர்கள் 'மொழிநடைக்காக' பரிந்துரைக்கிறார்கள். நடையைப் புகழ்ந்துவிட்டால் அது நம்மைக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

ஈழத்துக்கு வருவோம். எண்பதுகளுக்குப் பிறகு தமிழில் 'துரோகி' என்ற சொல்லைப்போல உயிர் குடித்த சொல் வேறில்லை. அச்சொல்லைச் சந்தேகிக்காமல் எழுதப்படும் போர் நாவலில் வாசகனுக்கு முதல் அத்தியாயத்திலேயே யாரை வெறுக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டுவிடுகிறது. பிறகு அவன் எதை எதிர்கொள்வது? இதனால்தான் நாம் கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' நூலை முதலில் சொல்கிறோம். 1985இல், போர் கொதித்துக்கொண்டிருந்தபோதே, புளொட் இயக்கத்திலிருந்து வெளியேறிய ஒருவர் புனைபெயரில் எழுதியது. விடுதலைக்கென்று வீட்டைவிட்டு வந்த இளைஞர்களைச் சொந்த இயக்கமே ஐயுற்று வதைத்த கதை. அந்த முகாம்கள் இயங்கியது தமிழ்நாட்டு மண்ணில். நமக்கு அது அண்டை நாட்டுச் செய்தி அன்று. கலை நேர்த்தி குறைவு என்பார்கள். குறைவுதான். நேர்த்திக்குக் காத்திருந்தால் அந்நூல் எழுதப்பட்டே இராது.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதி விண்ணப்பக் கடிதத்தின் வடிவில் தொடங்குகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் கதையை ஓர் அதிகாரிக்கு ஏற்றவாறு சொல்ல வேண்டியவனின் மொழி அது. அப்படிப்பட்ட மொழியில் எது உண்மை, எது விண்ணப்பம் என்று பிரிப்பது வாசகனின் பாடு. 'ம்' (2004) அதனினும் கொடியது. அதன் நாயகன் நேசகுமாரன் 1983 சூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 கைதிகள் கொல்லப்பட்டதிலிருந்து தப்பியவன். அவன் மீது நமக்கு இரக்கம் பெருகும் நேரத்தில், வதையின்போது அவன் யார் யாரைக் காட்டிக்கொடுத்தான் என்பதையும், பின்னர் புலம்பெயர்ந்த நாட்டில் சொந்த வீட்டுக்குள் என்னவாக மாறினான் என்பதையும் நாவல் முன்வைக்கிறது. பாதிக்கப்பட்டவன் தூயவனாக இருந்தாக வேண்டும் என்ற நம் வசதியான நம்பிக்கையை இந்நூல் உடைத்ததுபோலப் பிறிதொன்று உடைக்கவில்லை. நண்பர்களுக்குப் பரிசளிக்கத் தகுந்த புத்தகம் இல்லைதான். ஆயினும் பரிந்துரைக்கிறோம்.

சயந்தனின் 'ஆதிரை' (2015) பற்றி ஒரு சொல். மலையகத்திலிருந்து பெயர்ந்து வன்னியில் குடியேறியவர்களை அது நடுவில் நிறுத்துகிறது. போருக்கு உடலைக் கொடுத்தவர்களில் யார் எத்தனை பேர், அவர்களுக்கு நிலம் இருந்ததா என்ற கேள்வியைத் தமிழ்த் தரப்புக்கு உள்ளேயே எழுப்பிய அளவில் அதற்கு நம் மரியாதை. 

தோற்றுப்போன ஒரு மக்களிடம், 2009 மேக்குப் பிறகு, உங்கள் தவறுகளைப் படியுங்கள் என்பது கொடுமையில்லையா என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்வி. கொன்றவர்களின் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை, அதை எவரும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் மேற்சொன்ன நூல்களில் ஒன்றேனும் வென்றவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டதா? கோவிந்தனும் ஷோபாசக்தியும் உள்ளே இருந்தவர்கள். அவர்களைப் படிக்கவே கூடாது என்பவர்கள், அவர்கள் எழுதியதில் எந்தப் பக்கம் பொய் என்று காட்டட்டும். அதுவரை, நல்ல நாவல் கேட்டு வரும் மாணவருக்கு நாம் இவற்றைத்தான் எடுத்துக் கொடுப்போம்.