விடுதிப் பிள்ளையின் வாட்டம்

பெருநாள் விடுமுறைக்கு ஊர் திரும்பிய பிள்ளை, வந்த விருந்தினரோடு ஒரு சொல்லும் பேசாமல் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். ‘படிப்பின் களைப்பு’ என்கிறார் தாய். ‘தொழுகையை விட்டான், அதனால்தான்’ என்கிறார் தந்தை. மூன்றாவது காரணம் ஒன்று இருக்கக்கூடும் என எவரும் எண்ணுவதில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவ மாணவியர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. உயர்கல்வி நிலையங்களில் நேரும் இத்தகைய இழப்புகளை ஆராய, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ஒரு பணிக்குழுவை அமைக்க நேர்ந்தது.

மனச்சோர்வை ஈமானின் குறைவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். யூசுஃபைப் பிரிந்த துயரால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் ஒளியிழந்ததைத் திருமறையில் ஓதுகின்ற நாமா அவ்வாறு கூறுவது? ஒரு நபியின் ஈமானை எவர் ஐயுறுவார்?

934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடல்நலத்தையும் உளநலத்தையும் சேர்த்தே ஒரு நூல் யாத்தார். துயரை அவர் இருவகையாகப் பகுத்தார். இழப்பு முதலான காரணம் தெரிந்த துயர் ஒன்று. காரணமே புலப்படாமல் வந்து கவிவது மற்றொன்று. முன்னதற்கு ஆறுதலும் நல்லெண்ணமும் மருந்து. பின்னது உடலில் வேர்கொண்டதாகையால் அதற்கு உடல் மருத்துவம் வேண்டும் என்றார். குருதிக் கேடு என அவர் தந்த விளக்கம் இன்று நிற்காது. பகுத்துப் பார்க்கவேண்டும் என்ற நோக்கு நிற்கிறது. நாமோ தாயத்தும் ஓதிய நீரும் தேடி அலைந்து மாதங்களை இழக்கிறோம். ஓதிப் பார்ப்பதை எவரும் தடுக்கவில்லை. ஆயினும், நோய்க்கு மருந்து தேடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியது உடல் நோய்க்கு மட்டுமே என்று வரையறுத்தவர் யார்?

உம்மாவின் நகை அடகில் இருப்பதையும், வாப்பா வளைகுடாவில் வெயிலில் உழைப்பதையும் பிள்ளை அறியும். ஆகவே, பாடம் தவறியதைச் சொல்ல அதற்கு நா எழாது. தொலைபேசியில் நாம் கேட்பன மூன்றே: சாப்பிட்டாயா, தொழுதாயா, மார்க் எவ்வளவு? நான்காவதாக, ‘நன்றாக உறங்குகிறாயா?’ என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். உறக்கம் கெடுவதும், வகுப்புக்குச் செல்லாமையும், நண்பர்களைத் தவிர்ப்பதும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேரே கேட்கவும் அஞ்சவேண்டாம். கேட்பதனால் அவ்வெண்ணம் முளைத்துவிடாது என்பது மனநல மருத்துவர்களின் கூற்று.

‘வழக்கு வருமே, மணம் தடைபடுமே’ என்று மறைப்போரும் உளர். ஊர்ப்பேச்சுக்கு நம்மிடம் மருந்தில்லை. வழக்கைப் பற்றிய அச்சமோ வீண். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகவே கருதவேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது.

14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, இரவிலும் பகலிலும், தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது. பிள்ளை தயங்கினால் பெற்றோரே அழைத்துப் பேசலாம்.