புதிய ஐபோனும் சிறீபெரும்புதூரும்

ஆண்டுதோறும் செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் புதிய ஐபோன்களை வெளியிடுவதும், அவற்றின் ஒளிப்படக்கருவி, மின்கலம், விலை பற்றி ஊஸ்டரில் எம்மவர் தர்க்கிப்பதும் வழமையாகிவிட்டன. ஆயிரம் பிராங் அளவிற் செலவிடுவோர் குறைநிறை பேசுவது நியாயமே. ஆயின் அப்பேச்சில் சிறீபெரும்புதூர் ஏன் இடம்பெறுவதில்லை?

சென்னைக்கு அண்மையிலுள்ள அவ்வூரின் பொக்ஸ்கொன் ஆலையில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. பொருத்துவோரிற் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2021 டிசெம்பரில் விடுதி உணவு நஞ்சாகி 250 இற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 159 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர் நெடுஞ்சாலையை மறித்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லையென அப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மணமான பெண்கள் அங்கு வேலையிலிருந்து விலக்கப்படுவதாக 2024 ஜூனில் ரொயிட்டர்ஸ் எழுதியது. 2022 இல் தவறுகள் நேர்ந்தன, திருத்திவிட்டோம் என்பதே நிறுவனங்களின் மறுமொழி. திருத்தம் எவ்வளவு என்பதை அப்பெண்களே கூறவேண்டும்.

ஊஸ்டருக்கு இது அந்நியமான கதையன்று. 1832 நவம்பர் 22 அன்று, இயந்திரத் தறி தம் பிழைப்பைப் பறிக்குமென அஞ்சிய கைத்தறியாளர் ஓபர் ஊஸ்டரில் ஓர் ஆலையை எரித்தனர். பலர் சிறை சென்றனர். தீயிடலை நாம் ஆதரிக்கவில்லை. அவர்களுக்கு வேறு வாய் இருக்கவில்லை என்பதையே நினைவூட்டுகிறோம்.

எமக்கு உண்டு. நிறுவனத்துக்குக் கருத்து அனுப்பும் எம்மவர், மின்கலத்தோடு அவ்விடுதிகளின் இன்றைய நிலையையும் ஒரு வரியில் வினவட்டும். தமிழிலேயே வினவலாம், 2013 முதல் அத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகை உள்ளது.