பட்டறைத் துவக்கா, பதிவுத் துவக்கா?

காலபோக நெல் குடலை தள்ளிக் கதிர் ஈன்று பால் பிடிக்கும் நாட்களில், வன்னிக் கமக்காரனுக்கு இரவு உறங்குவதற்குரியதன்று. அவன் பரணிலே விழித்திருக்கிறான். கையிலே ஒரு ரோச் விளக்கு. மடியிலே இரண்டொரு யானைவெடி. மற்றதெல்லாம் அவனுடைய தொண்டையின் வலிமைதான். இவற்றைக் கண்டும் கேட்டும் பழகிவிட்ட பன்றிக் கூட்டமோ ஓரிரவிலேயே ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோற்றை உழக்கிவிட்டுப் போகின்றது. பொழுது விடிந்ததும் அவன் முன்னே ஒரு கேள்வி எழுகின்றது. துவக்கொன்றை முறைப்படி வாங்குவதா? அன்றி, யாரும் அறியாமல் பட்டறையிலே செய்வித்துக்கொள்வதா?

நகரத்திலே வாழும் எமது படித்த நண்பர்கள் இக்கேள்வியை அற்பமென எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணுவதற்கில்லை. இதற்குப் பிழையான விடை கண்ட ஏழைகளுக்காக நாம் நீதவான் மன்றுகளிலே எழுந்து வாதாடியிருக்கின்றோம். எதிரிக் கூண்டிலே நின்றவர்கள் கொள்ளைக்காரரல்லர்; கால்களில் வயற்சேறு காயாத கமக்காரர். அவர்கள் செய்தது குற்றமே. அனுமதியின்றித் துவக்குச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றமென்று 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. அச்சட்டத்தை நாம் மறுக்க வரவில்லை. ஆனால், எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்ற கேள்வியைக் கேட்காமல் விடவும் எம்மால் இயலாது.

முதலிலே கமக்காரரோடு பேசுவோம். பட்டறையிலே செய்யும் இடியனை நாம் ஆதரிக்கவில்லை. எமது கொல்லரின் கைத்திறனிலே ஐயங்கொண்டு இதனைக் கூறவில்லை. கண்டி நாட்டுக் கொல்லர் அக்காலத்தில் வேலைப்பாட்டோடு செய்த துவக்குகளை ஐரோப்பிய நூதனசாலைகள் இன்றும் போற்றிக் காத்து வருகின்றன. திறமை வேறு, சோதனை வேறு. முறையாகத் தயாரான துவக்கை வாங்குபவன் இரும்பையும் மரத்தையும் மட்டும் வாங்குவதில்லை. அதன் குழல் சோதிக்கப்பட்டது என்ற உறுதியையும் சேர்த்தே வாங்குகின்றான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலே 1813 ஆம் ஆண்டிலே சட்டத்தின்படி நிறுவப்பட்ட சோதனைச்சாலை இன்றும் இயங்குகின்றது. வழக்கமான அளவினும் மிகுந்த அழுத்தம் தரும் வெடியை ஒவ்வொரு குழலிலும் வைத்து வெடித்து, தாங்கி நின்றதற்கே அங்கு முத்திரை குத்துவர். இடியனுக்கு அத்தகைய முத்திரை ஏது? அதன் முதற் சோதனை அதனைச் சுடுபவனுடைய கன்னத்தின் அருகிலேதான் நடக்கின்றது. குழல் பிளந்தால் போவது பன்றியன்று, கண்ணும் விரலும்.

அதனினும் கொடியது கட்டுத்துவக்கு. விலங்கு நடக்கும் தடத்திலே கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு, உடையவன் வீட்டிலே உறங்குகின்றான். கம்பியிலே தடக்குவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா, மாடு தேடிப் போன சிறுவனா என்று அத்துவக்கு அறியாது. முழங்காலின் கீழே சிதைந்த கால்களோடு உலர்வலய மருத்துவமனைகளுக்கு வருவோர் பலர் இவ்வாறு அடிபட்டவர்களே. தன் பயிரைக் காக்க அயலவன் காலைப் பறிக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. அரைகுறை வெடிபட்ட யானையோ புண் சீழ்கொண்டு நாட்கணக்கில் அலைந்து சாகின்றது. சாகுமுன் அதன் எதிரே அகப்படுபவனின் கதி என்ன? 2023 ஆம் ஆண்டிலே இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் நூறுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். அந்த யானைச் சாவுகளிலே துவக்குச் சூட்டின் பங்கு சிறிதன்று.

இனி ஆட்சியாளரோடு பேசுவோம்.

இந்நாட்டிலே துவக்கின் வரலாறு இரண்டு மனிதரின் வரலாறு. ஒருவன் விளையாட்டுக்காக வேட்டையாடிய வெள்ளைக்காரன். சாமுவேல் பேக்கர் 1840 ஆம் ஆண்டிலே பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற துவக்குத் தயாரிப்பாளரிடம் 21 இறாத்தல் நிறையுள்ள றைபிளொன்றைச் செய்வித்து, இலங்கைக் காடுகளிலே யானைகளைச் சுட்டு மகிழ்ந்தார். 1845 ஆம் ஆண்டிலே அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் றொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேற் கொன்றவர் எனப் பெயர்பெற்றார். அவர்களுக்குச் சிறந்த துவக்கு கிடைத்தது. மற்றவன் கமக்காரன். அவனுக்கு வேட்டை விளையாட்டன்று, வயிற்றுப்பாடு. அவனுக்கோ வரிசையின் கடைசி இடம்.

வெள்ளையன் போனான், வரிசை மாறவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியும், 1983 க்குப் பின் வந்த நெடும்போரும் துவக்கு என்ற சொல்லையே ஆட்சியாளருக்கு அச்சமாக்கின. வடக்கிலே கமக்காரர் முறைப்படி வைத்திருந்த துவக்குகள் அக்காலத்தில் அவர்கள் கையைவிட்டுப் போயின. போர் 2009 மே மாதத்திலே முடிந்தது. பன்றி மட்டும் எந்த உடன்படிக்கைக்கும் காத்திருக்கவில்லை.

இங்கே சட்டத்தின் விந்தையைக் காண்க. காட்டுப்பன்றி 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலே பாதுகாக்கப்பட்ட விலங்கன்று. தன் வயலை அழிக்கும் பன்றியைக் கமக்காரன் கொல்லலாம். எதனாற் கொல்வது என்று கேட்டாலோ, கிராம அலுவலரிடம் போ என்கின்றனர். பொலிசுக்குப் போ, கச்சேரிக்குப் போ, பாதுகாப்பு அமைச்சின் மறுமொழிக்குக் காத்திரு என்கின்றனர். அறுவடை முடிந்து அடுத்த விதைப்பும் வந்துவிடும், மறுமொழி வராது. உரிமை ஒரு கையிலே தரப்படுகின்றது. அதனைப் பயன்படுத்தும் வழி மறு கையாலே அடைக்கப்படுகின்றது. அடைத்த வாயிலின் புறத்தே பிறந்த பிள்ளைதான் இடியன்.

பயிரழிக்கும் விலங்குகளுக்கு அரசாங்கம் செய்தது யாது? 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை 8 மணி முதல் 8.05 வரை, நாடெங்கும் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் செய்தது. எண்ணுவது நன்றே. ஆனால் கமக்காரன் இழந்ததை எண்ணுவதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாமன்றோ?

“துவக்கைக் கொடுத்தால் நாடு கெட்டுவிடும்” என்பர் சிலர். அவர்களுக்கு எமது மறுமொழி இது. பதிவு செய்த துவக்குக்கு இலக்கம் உண்டு. உடையவனுக்குப் பெயரும் விலாசமும் உண்டு. ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்கும் கடப்பாடு உண்டு. தவறு நேர்ந்தால் யாரிடம் கேட்பதென்று சட்டத்துக்குத் தெரியும். பட்டறைத் துவக்குக்கு இவற்றுள் ஒன்றேனும் உண்டா? தன் பாவனைக்கென ஒருவன் வீட்டிலே துவக்குச் செய்வதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவிலே தடுக்காத அமெரிக்காவையே பாருங்கள். அங்கும் வீட்டிலே பொருத்தும்படி விற்கப்பட்ட உறுப்புத் தொகுதிகள் இலக்கமற்ற துவக்குகளைப் பெருக்கின. அவற்றையும் துவக்குகளாகக் கொண்டு இலக்கமிடவேண்டும் என 2022 ஆம் ஆண்டிலே விதி செய்தனர். 2025 மார்ச் 26 ஆம் நாள் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏழு நீதியரசர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக அவ்விதியை ஏற்றது. இலக்கமற்ற துவக்கே ஆபத்து என்பதை அவர்களும் கண்டுகொண்டனர். எமது ஆட்சியாளரோ இலக்கமுள்ள துவக்கைத் தடுத்து, இலக்கமற்றதை வளர்க்கின்றனர்.

ஆகவே நாம் கோருவன நான்கு. பயிர்காப்புக்கான விண்ணப்பத்தைத் தீர்ப்பதற்கு ஒரு கால எல்லை வேண்டும். அடுத்த போகம் தொடங்குமுன் முடிவு கிடைக்கவேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்திலே, தமிழருக்குத் தமிழிலே தரவேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது ஏட்டிலே உறங்குவதற்கன்று. தனியொருவனால் வாங்க இயலாவிடின், கமக்காரர் அமைப்பின் பெயரிலே துவக்கை வாங்கிப் பொறுப்பானவர் கையிலே வைக்க இடமளிக்கவேண்டும். பட்டறைத் துவக்கை ஒப்படைப்பவனைத் தண்டியாமல் ஏற்க ஒரு தவணை அறிவிக்கவேண்டும்.

கமக்காரரே, நீங்கள் செய்யவேண்டியதும் உண்டு. விண்ணப்பத்தை எழுத்திலே கொடுங்கள். பிரதியொன்றைப் பத்திரமாக வைத்திருங்கள். மறுமொழி வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் விண்ணப்பம் எந்த மேசையிலே கிடக்கின்றதென்று கேளுங்கள். அக்கோரிக்கைபற்றிய முடிவைப் பதினான்கு வேலை நாட்களுள் அறிவிக்கவேண்டியது அலுவலரின் கடமை. எமது ஊர்களிலே படித்த சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் இவ்விண்ணப்பங்களை எழுதிக்கொடுக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கட்டும். அவர்கள் உண்ணும் சோறும் அப்பரணின் கீழேதான் விளைகின்றது.

ஆனால் ஒன்று. அனுமதி தாமதிக்கின்றது என்பதற்காக அயலவன் நடக்கும் தடத்திலே கம்பி கட்டாதீர்கள். அந்தக் கம்பியிலே முதலில் அறுவது ஒரு பிள்ளையின் காலாக இருக்கலாம்; அதனோடு எமது கோரிக்கையின் நியாயமும் அறுந்துபோகும்.