பத்தோடு பதினொன்று அல்ல!



கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் கம்மாபுரத்தில் மழைக் கவலை, வயல் கவலை இரண்டும் உண்டு. இப்போது மூன்றாவதாகப் பாட்டுக் கவலையும் சேர்ந்திருக்கிறது! பள்ளிப் பிள்ளைகள் பதினாறு பேர் சேர்ந்திசைக் குழுவாகப் பாடுகிறார்கள். டிசம்பர் 11, பாரதியார் பிறந்த நாளன்று ஊரில் ஒரு நிகழ்ச்சி. ஜனவரி 26 குடியரசு தினத்துக்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் இன்னொன்று. ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் வீட்டில் தினம் சாயங்காலம் ஒத்திகை நடக்கிறது.

அந்தக் குழுவில் பாடும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாயார் என்னிடம் கேட்டார்: "ஏன்க்கா, தனியா நின்னு பாடினாலும் ஒரு பேரு உண்டு, பரிசு உண்டு. பத்தோட பதினொண்ணா நிக்கிறதுக்கு எதுக்கு இத்தனை ஒத்திகை? அரையாண்டுப் பரீட்சை வேற வருது. நிறுத்திடச் சொல்றாரு அவ அப்பா."

கேள்வி நியாயமானதுதான். உங்களில் பலருக்கும் இது தோன்றியிருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் கதையையும் கேளுங்கள். அவளுக்கு இயல்பிலேயே கனத்த சாரீரம். சின்ன வகுப்பில் ஒரு விழாவுக்குப் பாடப் போனபோது, "உன் குரல் ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கு. நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லி நிறுத்தி வைத்தார்களாம். அதிலிருந்து வீட்டில்கூட அவள் பாடியதில்லை. இந்தக் குழுவில்தான் மறுபடி வாய் திறந்திருக்கிறாள்.

இங்கே மட்டும் எப்படி அந்தக் குரல் பொருந்துகிறது என்கிறீர்களா? நம் கர்நாடகக் கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்கள் நாலரை, ஐந்து கட்டைக்குப் போவார்கள். எல்லோரையும் ஒரே கட்டையில் பாடச் சொன்னால் சிலருக்கு எட்டாது, சிலருக்கு இறங்காது. சேர்ந்திசையில் அந்தக் கஷ்டம் இல்லை. மேல் குரல்காரர்களுக்கு ஒரு வரிசை, கீழ்க் குரல்காரர்களுக்கு வேறு ஸ்வரங்களில் இன்னொரு வரிசை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது பாட்டுக்கு ஒரு கனம் வருகிறது. கனத்த குரல் இல்லாவிட்டால் அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரிதான்.

தமிழ்நாட்டில் இந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் எம்.பி. சீனிவாசன். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். மலையாளப் படங்களுக்கும் நிறைய இசையமைத்தார். கல்கத்தாவில் 1958-லேயே ரூமா குஹ தாகுர்தா ஒரு இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியிருந்தார். சென்னையில் 1970-களின் தொடக்கத்தில் சீனிவாசன் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற குழுவை அமைத்து, பாரதியார் பாடல்களையும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் இளைஞர்களைப் பாட வைத்தார். 1988-ல் அவர் காலமானார். ஆனால் அவர் காட்டிய வழியில் சேர்ந்து பாடுகிறவர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடர்ந்து வந்தார்கள்.

கூட்டத்தில் ஓர் இடம் என்பது லேசில் கிடைத்ததும் அல்ல, சகோதரிகளே. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் ஒரு காலத்தில் பெண்கள் பாட இடம் கிடையாது. தியாகராஜர் சமாதியில் தன் சொந்தப் பணத்தில் கட்டடம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள்தான் 1920-களில் பெண்களைத் திரட்டித் தனியே பாட வைத்தார். 1940-ஐ ஒட்டித்தான் எல்லாக் கோஷ்டிகளும் ஒன்றாயின. இன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆணும் பெண்ணும் உட்கார்ந்து சேர்ந்து பாடுகிறார்கள். அங்கே யார் பத்து, யார் பதினொன்று?

உடம்புக்கும் இது நல்லது. 2013-ல் ஸ்வீடன் நாட்டில் கோதன்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் 18 வயதுப் பிள்ளைகளைச் சேர்ந்து பாட வைத்துச் சோதித்தார்கள். பாடும்போது அவர்களுடைய இதயத் துடிப்பு ஒன்றுபோல் ஏறி இறங்கியதாம். காரணம் மூச்சுதான். பாட்டின் அடிகளுக்கேற்ப எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்து, நிதானமாக விடுகிறார்கள். நீண்ட ஸ்வரம் வந்தால் ஒருத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவள் பாட்டை விடாமல் பிடித்துக்கொள்வாள். கேட்பவர்களுக்கு இடைவெளியே தெரியாது.

சரி, கச்சேரி வரை பிள்ளைகளின் தொண்டையைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு. சில யோசனைகள்:

வாய்க்குள் தொண்டை காய விடாதீர்கள். பள்ளிக்குத் தண்ணீர் கொடுத்தனுப்பி, அது காலியாகி வருகிறதா என்று பாருங்கள்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பாட முடியாது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும்.

தொண்டை கட்டினால் குசுகுசுவென்று பேசச் சொல்லாதீர்கள். அதுவும் தொண்டைக்கு வேலைதான். பேசாமல் இருப்பதே மருந்து. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பன்னிரண்டு, பதிமூன்று வயதையொட்டி ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். குரல்வளை வளர்வதால் வருவது அது. கேலி செய்யாதீர்கள். வலிந்து மேலே பாட வைக்காமல், கீழ் வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பரீட்சை விஷயமா? ஒத்திகைக்கு முக்கால் மணி நேரம் போதும். டீச்சரிடம் சொல்லிப் பரீட்சை நாட்களில் விடுப்புக் கேட்கலாம். அந்தத் தாயாருக்கும் இதைத்தான் சொன்னேன். "வாரத்துக்கு மூணு நாள் அனுப்புறேன்க்கா" என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை!

உங்கள் ஊரிலும் மார்கழி, தை மாதங்களில் பிள்ளைகள் சேர்ந்து பாடும் நிகழ்ச்சிகள் இருக்கும். போய் முன்வரிசையில் உட்காருங்கள். உங்கள் குழந்தையின் குரல் தனியாகக் கேட்கிறதா என்று தேடாதீர்கள். கேட்காமல் கலந்திருந்தால் நன்றாகப் பாடுகிறாள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் திருஷ்டி சுற்றிப் போடுங்கள், பதினாறு பேருக்கும் சேர்த்து!