34-ல 3: தோத்தது யாரு?

போன வாரம் ராத்திரி வெட்டி அரட்டையில் நண்பன் ஒருத்தன் எடுத்து விட்டான்: "பொண்ணுங்க ஆடுற பாஸ்கட்பால எவன்டா பார்ப்பான்? அமெரிக்காவுல ஒரு டீம் 34 மேட்ச்ல 3 தான் ஜெயிச்சுது. அதுக்குப் பேரு ப்ரொஃபஷனல் டீமாம்!" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்ப பதில் வரலை. (எப்பவுமே ரூமுக்கு வந்து படுத்த பிறகுதான் வரும்.) அதான் இந்தப் பதிவு.

அவன் சொன்ன கணக்கு உண்மைதான். டபிள்யூ.என்.பி.ஏ. லீக், துல்சா ஷாக் அணி, 2011 சீசன். 3 வெற்றி, 31 தோல்வி. நடுவில் வரிசையாக 20 தோல்வி. அதுவரை அந்த லீக்கில் இவ்வளவு மோசமான சதவீதத்தோடு எந்த அணியும் முடித்ததில்லை.

ஆனா இந்த அணி எங்கிருந்து வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியுமா? டெட்ராய்ட் ஷாக் என்ற பெயரில் 2003, 2006, 2008 என்று மூணு தடவை கோப்பை வாங்கிய அதே அணி! 2009 மார்ச்சில் உரிமையாளர் பில் டேவிட்சன் இறந்துபோனார். அக்டோபரில் அணி கைமாறி, ஓக்லஹோமா மாநிலத்து துல்சாவுக்கு மூட்டை கட்டப்பட்டது. மூணாவது கோப்பை வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஆட்டக்காரர்கள் என்ன தட்டுமுட்டு சாமானா, லாரியில ஏத்திக்கிட்டுப் போக? கேட்டி ஸ்மித் வாஷிங்டன் போனார். மெக்வில்லியம்ஸ் ஃபிராங்க்ளின் நியூயார்க் போனார். டியானா நோலன் துல்சா பக்கமே வரலை. நம்பி வந்த பியர்சன், ஹார்ன்பக்கிள், பிராக்ஸ்டன் மூணு பேரையும் 2010 சீசன் முடியறதுக்குள்ளேயே வேற அணிகளுக்குத் தள்ளி விட்டார்கள்.

கோச் யாரு? நோலன் ரிச்சர்ட்சன். 1994-ல் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆண்கள் அணிக்கு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பெரிய ஆள்தான், மறுக்கலை. ஆனா பெண்கள் அணி எதையும் அதுக்கு முன்னாடி அவர் நடத்தினதில்லை. டிக்கெட் விக்க ஒரு பெரிய பேர் வேணும், அவ்வளவுதான் (இது என் அபிப்ராயம், அடிக்க வராதீங்க). ஊக்கமருந்து விவகாரத்தில் பொய் சொல்லி ஜெயிலுக்குப் போய்வந்த ஓட்டப்பந்தய வீராங்கனை மரியன் ஜோன்சை 34 வயசில் கூட்டி வந்ததும் அதே கணக்குதான். 2010-ல் 6 வெற்றி, 28 தோல்வி. 2011-ல் 11 மேட்சில் ஒண்ணு மட்டும் ஜெயிச்சிருந்தப்ப ரிச்சர்ட்சன் கிளம்பிட்டார். மிச்ச 23 மேட்சையும் தெரசா எட்வர்ட்ஸ் தலையில் கட்டினார்கள். ஒலிம்பிக்கில் 4 தங்கம் வாங்கியவர். ஜெயிச்சது 2.

அதுல ஒண்ணைப் பத்திச் சொல்லியே ஆகணும். 2011 ஆகஸ்ட் 26. 20 தோல்விக்கு அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸோடு மேட்ச். கடைசி விநாடிகளில் பந்தைக் கூடைக்குள் போட்டு 77-75 என்று ஜெயிக்க வைத்தவர் ஷெரில் ஸ்வூப்ஸ். வயசு 40! ஒரு காலத்தில் ஹூஸ்டன் காமெட்ஸில் வரிசையாக 4 கோப்பை வாங்கியவர். (அந்த காமெட்ஸையும் 2008-ல் இழுத்து மூடிட்டாங்க.) போன சீசனில் போகட்டும்னு விடாம ஓடின அந்தப் பொம்பளையைப் பார்த்தா சிரிப்பு வருது உனக்கு?

இன்னொண்ணு. அதே 2011-12 குளிர்காலத்தில் என்.பி.ஏ.வில் சார்லட் பாப்கேட்ஸ் 66 மேட்சில் 7 தான் ஜெயிச்சுது. அப்போ அந்த அணியின் முதலாளியா இருந்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஜோர்டன். "ஆம்பளைங்களுக்கு எதுக்குடா பாஸ்கட்பால்"னு எவனாவது கேட்டானா? ஆம்பளை அணி தோத்தா அந்த அணி தோத்துச்சு. பொம்பளை அணி தோத்தா மொத்தப் பெண்களும் தோத்துட்டாங்க. நல்லா இருக்குடா உங்க நியாயம்.

துல்சா அப்புறம் மெல்ல மெல்லத் தேறியது. 2015-ல் 18 வெற்றி, 16 தோல்வி, முதல் முறையாக ப்ளே ஆஃப். சந்தோஷமா? அந்த சீசன் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, அணியை டல்லஸ் பக்கம் கொண்டு போறோம்னு முதலாளி அறிவிச்சுட்டார்! மூணு ஜெயிச்ச வருஷத்தில் கூட மேட்சுக்கு வந்த துல்சா ரசிகன்கிட்ட யாராவது கேட்டாங்களா?

2025 ஜூன் கடைசியில் லீக் மூணு புது அணிகளை அறிவிச்சுது. கிளீவ்லேண்ட், பிலடெல்பியா, அப்புறம்... டெட்ராய்ட்! 2029-லிருந்து ஆடுமாம். துல்சா அந்தப் பட்டியலில் இல்லை.