கூக்குரலைக் கேட்கிறவர் யார்?





பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் சொந்த ஊரை விட்டு இந்த ஹைதராபாத் பட்டணத்துக்கு வந்த நம் குடும்பங்களில், தனியே பயணம் செய்யாத பெண்பிள்ளைகள் வெகு சிலரே. ஹைடெக் சிட்டியில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் மகள் உண்டு. மருத்துவமனையிலிருந்து தாமதமாக வீடு சேரும் சகோதரி உண்டு. சிக்கந்தராபாத்தில் தனியே இரவு ரயில் ஏறும் தாய் உண்டு. இவர்களுடைய பாதுகாப்பைக் குறித்து இம்மாதம் எழுதும்படி பாரப்படுகிறேன்.

2019ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி இரவை இந்தப் பட்டணம் மறக்காது. கால்நடை மருத்துவரான ஓர் இளம் சகோதரி, ஷம்ஷாபாத் அருகே தொண்டுபல்லி சுங்கச்சாவடிப் பக்கம் தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சென்றிருந்தாள். இரவு ஒன்பது மணியளவில் திரும்பியபோது சக்கரத்தில் காற்று இல்லை. உதவுவதாகச் சொல்லி அந்நிய மனிதர் வந்தனர். அவள் தன் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, தனக்குப் பயமாயிருக்கிறது என்று சொன்னாள். சிறிது நேரத்தில் அந்தத் தொலைபேசி அடங்கிவிட்டது. மறுநாள் காலை ஷாத்நகர் அருகே எரிந்த நிலையில் அவள் உடல் கிடைத்தது. அவளுடைய பெயரைச் சொல்லச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. 'திஷா' என்றே அழைக்கப்படுகிறாள்.

அந்த இரவில் குடும்பத்தார் காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். அது தங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல என்ற பதில் கிடைத்தது. பொன்னான மணிநேரங்கள் வீணாயின. பின்னர் காவலர் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆனால் பலர் கேட்ட கேள்வி வேறு. அவள் ஏன் தங்கையை அழைத்தாள், 100ஐ ஏன் அழைக்கவில்லை என்று கேட்டார்கள்.

பிரியமானவர்களே, இக்கேள்வி என் உள்ளத்தைக் குத்தியது. ஆபத்தில் இருக்கிற பிள்ளை, தன்னைக் கடிந்துகொள்ளாமல் கேட்பார் என்று நம்புகிற ஒருவரையே முதலாவது அழைக்கும். அப்படியானால், அழைக்கப்படுகிறவர் ஆயத்தமாயிருக்கிறாரா என்பதல்லவோ நாம் கேட்கவேண்டிய கேள்வி?

உபாகமம் 22ஆம் அதிகாரம் 25 முதல் 27 வரையுள்ள வசனங்களைத் தியானித்துப் பாருங்கள். வெளியிலே ஒரு பெண் பலவந்தம் பண்ணப்பட்டால், அவள்மேல் யாதொரு குற்றமும் இல்லை என்று நியாயப்பிரமாணம் தீர்க்கிறது. அதைக் கொலைக்கு ஒப்பிடுகிறது. அவள் கூப்பிட்டிருப்பாள், இரட்சிக்க ஒருவரும் இல்லாமற்போயிற்று என்றே வேதம் எடுத்துக்கொள்கிறது. அவள் அங்கே ஏன் போனாள் என்று தேவன் விசாரிக்கவில்லை.

நானோ விசாரித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையின் ஒரு மகள், இரவில் தான் ஏறிய வாடகைக் கார் வேறு வழியாய்ச் சென்றதையும், சிக்னலில் இறங்கி ஓடித் தப்பியதையும் கண்ணீரோடு என்னிடம் சொன்னாள். அந்த வேளையில் உனக்கு என்னம்மா வேலை என்பதே என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அவள் தலை குனிந்தாள். தகப்பனார் அறிந்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரச் சொல்லுவாரே என்று பயந்து, அன்றிரவு அவள் ஒருவரையும் அழைக்கவில்லையாம். தகப்பனிடத்திலும் சொல்ல முடியவில்லை, போதகனிடத்திலும் ஆறுதல் இல்லை. கர்த்தர் என்னை உணர்த்தினார்; அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ரூத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். அவளும் நம்மைப்போல் பிழைக்க வந்த அந்நிய தேசத்தாள். வயல் ஆபத்தான இடம் என்பதைப் போவாசும் அறிந்திருந்தான், நகோமியும் அறிந்திருந்தாள். ஆயினும் வீட்டிலேயே இரு என்று போவாஸ் சொல்லவில்லை. அவளைத் தொடாதபடி வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். தன் பணிப்பெண்களோடே இருக்கச் சொன்னான். தாகத்துக்குத் தண்ணீர் எங்கே என்றும் காட்டினான் (ரூத் 2:8,9). மாலையில் நகோமி, இன்று எங்கே கதிர் பொறுக்கினாய் என்று அன்போடு விசாரித்தாள். ஆண்களுக்குக் கட்டளை, பெண்ணுக்குத் துணை, வீட்டில் அன்பான விசாரிப்பு ஆகிய இம்மூன்றும் இன்று நம் வீட்டில் உண்டா?

இனி, அழைக்கிறவளும் அழைக்கப்படுகிறவரும் அறிந்திருக்கவேண்டிய சில காரியங்களைச் சொல்லுகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அவசர உதவிக்கு 112 அல்லது 100. பெண்கள் உதவிக்கு 181. மகள் உங்களை அழைத்தால் பேச்சைத் துண்டிக்காதிருங்கள். வீட்டிலுள்ள மற்றொருவர் வேறு தொலைபேசியில் 112ஐ அழைக்கட்டும். இருக்கும் இடத்தையும் வண்டி எண்ணையும் முதலில் சொல்லுங்கள்.

இரண்டாவது, 2024 மார்ச் மாதத்தில் தெலங்கானா காவல்துறை 'டி-சேஃப்' என்னும் சேவையைத் தொடங்கிற்று. தனியே வண்டியில் செல்லும் பெண்ணின் பயணத்தை வழிநெடுகக் கண்காணிப்பதே அதன் நோக்கம். ஆட்டோவிலோ காரிலோ ஏறுமுன் வண்டி எண்ணைப் படமெடுத்து இருவருக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்த பின்பே புறப்படுங்கள்.

மூன்றாவது, எல்லை எங்களுடையதல்ல என்று இனி எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பலாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று கேளுங்கள். பின்தொடர்தல், கேலி, ஆபாசச் செய்தி ஆகியவற்றுக்கு, 2014 அக்டோபரில் இங்கே தொடங்கப்பட்ட 'ஷீ டீம்ஸ்' காவலரை அணுகலாம்.

நான்காவது, ரயிலில் 139ஐ அழையுங்கள். பயணச்சீட்டு இல்லையென்றாலும், ஆண் துணையின்றி வரும் பெண்ணை இரவில் வண்டியிலிருந்து இறக்கிவிட 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இடங்கொடுப்பதில்லை. வண்டி எந்த நிலையத்தில் முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகள் இப்போது, 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட செர்லபள்ளி முனையத்தோடு நின்றுவிடுகின்றன. பின்னிரவிலோ விடியுமுன்னோ வந்து சேர்ந்தால், வெளிச்சம் வரும்வரை பெண்கள் காத்திருப்பு அறையில் தங்குவது நலம்.

ஐந்தாவது, தமிழில் கூக்குரலிட்டால் இங்கே எத்தனை பேருக்குப் புரியும்? தெலுங்கில் 'காபாடண்டி', இந்தியில் 'பச்சாவோ'. இவ்விரண்டு வார்த்தைகளையும் உங்கள் பிள்ளைகளுக்கும், ஊரிலிருந்து புதிதாய் வந்த தாய்மார்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். யாராவது அப்படிக் கூப்பிடுவதை நீங்கள் கேட்டால், விலகிப் போகாதிருங்கள்.

கடைசியாகச் சபைகளுக்கு ஒரு வார்த்தை. உபவாச ஜெபத்தை இரவு பத்து மணிக்கு முடித்து, ஆசீர்வாதம் கூறி, சகோதரிகளை இருட்டில் தனியே அனுப்பிவிடுகிறோமே! நாமும் இதில் தவறியிருக்கிறோம். இப்போது எங்கள் சபையில் ஒரே திசைக்குச் செல்லும் சகோதரிகளைச் சேர்த்தே அனுப்புகிறோம். கடைசி சகோதரி 'வீடு சேர்ந்தேன்' என்று செய்தி அனுப்பும்வரை ஒரு மூப்பர் உறங்குவதில்லை. இதுவும் ஜாமக்காரனின் ஊழியமே. வாலிபர் கூட்டங்களில் சகோதரர்களுக்கும் கண்டிப்பாய்ப் போதிக்கிறோம். போவாஸ் கட்டளையிட்டது ரூத்துக்கு மட்டுமல்ல.

தகப்பன்மாரே, இன்றிரவே உங்கள் மகளை அருகே அழைத்து ஒன்று சொல்லுங்கள்: "நீ எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து கூப்பிட்டாலும் வருவேன், ஏன் போனாய் என்று கேட்கமாட்டேன்." பின்பு அவளோடு முழங்கால்படியிட்டு ஜெபியுங்கள். ஆகாரின் பிள்ளை இருந்த இடத்திலிருந்தே அவன் சத்தத்தைக் கேட்ட தேவன், நம் பிள்ளைகளின் சத்தத்தையும் கேட்கிறார். நம்முடைய செவிகளும் திறந்திருப்பதாக.

கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.